இரவல் கழிசானும் ஒரு வயிற்றுப்போக்கும்

வயிற்றுப்போக்கைப் பற்றி எழுதினால் படிக்கிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். பிடித்துக்கொள்ளட்டும். இரண்டு வருடத்துக்கு மேல் நான் மூக்கைப் பிடிக்காமல் வாழ்ந்திருக்கிறேன். அரை மணி நேரம் அவர்களால் முடியாதா என்ன?

அறுபதுகளின் தொடக்கம் அது. இலங்கை மலைநாட்டில் உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டின் கடைசிக் காம்பராவில் நானும் என் வீட்டுக்காரரும் குடியிருந்தோம். நான் கொழுந்து எடுப்பவள். அவர் கவ்வாத்து வெட்டுபவர். தேயிலைச் செடி வயதாகி உயர்ந்துவிட்டால் அதை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும், அதுதான் கவ்வாத்து. கிளை பிளக்காமல், நசுங்காமல் ஒரே வீச்சில் விழ வேண்டும். எல்லாருக்கும் வராது. காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது கவ்வாத்துக்காரர்கள் கத்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கும் தோரணையைப் பார்த்தால், துரைக்கே அவர்கள்தான் சம்பளம் போடுகிறார்கள் என்று நினைக்கத் தோன்றும். என் வீட்டுக்காரருக்கு அந்த மிதப்பு ஒரு பிடி கூடுதல். எனக்கும் உள்ளூரப் பெருமைதான். அவரிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் லயத்துக் கூரை தாங்கியிருக்காது.

அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு மழைக்காலத்தில் வயிற்றால் போகத் தொடங்கியது. முதலில் ஒரு நாளைக்கு நான்கு தடவை. பிறகு ஏழு. பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டோம். எங்கள் காம்பரா கக்கூசுக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று கல்யாணமான நாளிலிருந்து முணுமுணுத்தவள் நான். அதன் அருமை அந்த வருடம்தான் தெரிந்தது. கொய்யாக் கொழுந்தை அரைத்துக் கொடுத்தேன். மாதுளம்பழத் தோலைக் காயவைத்து இடித்துக் கொடுத்தேன். சீனி போடாத சாயத் தேத்தண்ணியைக் குடம் குடமாக ஊற்றினேன். எதற்கும் அசையவில்லை. சோற்றைப் பிசைந்து நான்கு வாய் வைப்பார், போதும் என்று தட்டைத் தள்ளுவார். தோளெலும்பு கோட்டு மாட்டும் கொக்கி மாதிரி துருத்திக்கொண்டு வந்தது. உடம்பெல்லாம் வற்ற, பாதம் மட்டும் வீங்கியது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா நல்ல மனிதர். ஆனால் அவருக்கு உலகத்தில் இரண்டே வயிற்று நோய்கள்தான். ஒன்று பூச்சி, இன்னொன்று சீதபேதி. முதலில் பூச்சி என்றார். பூச்சி மருந்தோடு பேதி மருந்தும் சேர்த்துக் கொடுப்பது அப்போதைய வழக்கம். ஏற்கனவே ஓடிக்கொண்டிருப்பவருக்குப் பேதி மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. மூன்று தடவை பூச்சி மருந்து குடித்தும் ஒரு பூச்சியும் வந்து சேராததால் சீதபேதி என்று முடிவு கட்டினார். இடுப்பில் பத்து ஊசி. ஊசி போட்ட இடம் கல்லாகிப் போனதுதான் கண்ட பலன். "பொறுமையா இருங்க, மருந்து வேலை செய்யணும்ல?" என்றார் ஐயா. மருந்து வேலை செய்யட்டும், என் வீட்டுக்காரர் வேலை செய்யவேண்டாமா என்று கேட்டுவிட்டு வந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவருடைய இடது காலில், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல், எட்டு வருடத்துப் புண் ஒன்று இருந்தது. கவ்வாத்துக் கத்தி பட்ட புண். ஒரு மலையில் கவ்வாத்து தொடங்குமுன் மரத்தடியில் ஒரு கல்லை நட்டு, கத்திகளை வரிசையாகப் படுக்கவைத்து, சூடம் கொளுத்திக் கவ்வாத்துச் சாமியைக் கும்பிடுவார்கள். பிறகுதான் முதல் வெட்டு. எட்டு வருடத்துக்கு முன் ஒருநாள், சூடம் நனைந்துபோய்ப் பற்றாமல் அடம்பிடித்தபோது, என் வீட்டுக்காரர் பொறுமையிழந்து ஒரு செடியை வெட்டிவிட்டார். ஈரக் கிளையில் கத்தி வழுக்கி எலும்புவரை இறங்கியது.

கவ்வாத்துக்காரர்களிடையே ஒரு கட்டுப்பாடு உண்டு. அந்தக் கத்தி பட்ட காயத்தை டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோகக் கூடாது. அது சாமி கொடுத்தது, சாமிதான் எடுக்க வேண்டும். கல்லடி மண்ணை எடுத்துப் பூசி, பச்சிலை வைத்துக் கட்டினார்கள். மேல்தோல் மூடியது. ஓரத்தில் ஒரு மிளகு அளவுக்குத் துவாரம் மட்டும் நின்று, அதிலிருந்து சீழ் கசிந்துகொண்டே இருந்தது. வலி பெரிதாக இல்லை. அட்டை கடிக்காமலிருக்கக் காலில் சாக்குத்துணி சுற்றிக்கொண்டு போவது எல்லாரும் செய்வதுதான். அதற்குள் அதுவும் மறைந்துவிடும். வெளியே தெரிந்தால் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா அவரைக் கவ்வாத்திலிருந்து எடுத்து, கிழவர்களோடு புல்லுவெட்டப் போட்டுவிடுவார் என்ற பயம் வேறு.

லயத்துப் பெண்களும் நானும் அதை ஒரு நோயாகவே நினைக்கவில்லை. "ஒழுகுனா நல்லதுதான். கெட்ட தண்ணியெல்லாம் வெளிய போகுது. அடைச்சா உள்ள ஏறிரும்" என்பார்கள். நானும் அப்படியே நம்பினேன். துவாரம் பொருக்குத் தட்டினால் வெந்நீர் ஒற்றடம் கொடுத்து என் கையாலேயே திறந்துவிடுவேன். எட்டு வருடமாக. இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கை கூசுகிறது.

தோட்டத்து லொறி ஓட்டுபவர் என் அண்ணன். உரமூட்டை ஏற்ற வாரம் ஒருமுறை நுவரெலியா போவார். ஒருநாள் வந்து, டவுன் ஆஸ்பத்திரிக்குச் சீமையில் படித்த ஒரு டாக்டர் வந்திருக்கிறார், வயிற்று வியாதிக்குக் கெட்டிக்காரராம், அடுத்த வாரம் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார். போவது சரி, எதை உடுத்திக்கொண்டு போவது என்பதில்தான் அண்ணன் பிடிவாதமாக நின்றார்.

"மாப்ள, வேட்டியோட போனீங்கன்னா தோட்டத்தாளுன்னு பாத்து ரெண்டு மாத்திரையக் குடுத்து அனுப்பிச்சுருவாங்க. கழிசான் போட்டுட்டுப் போங்க. அப்பத்தான் நாலு கேள்வி கேப்பாங்க."

அண்ணன் தன் கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைக் கழிசானை, அதுதான் முழுக்கால் சட்டையை, இரவல் கொடுத்தார். அண்ணன் நெட்டை, அந்த நாளில் தொந்தியும் உண்டு. என் வீட்டுக்காரரோ அப்போது பாதி ஆள். கால் பக்கத்தை நான்கு மடிப்பு மடித்துத் தைத்தேன். இடுப்பில் கயிறு போட்டு இறுக்கி, மேலே கறுப்புக் கோட்டைப் போட்டு மறைத்தேன். லயமே வாசலில் நின்று பார்த்தது. "கண்டாக்கையா மாதிரியே இருக்காரு" என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி. அந்த நிலையிலும் அவர் மீசையைத் தடவிக்கொண்டார். புண்ணுக்குப் புதுத்துணி கட்டியிருந்தேன். நல்லவேளை, கழிசான் முழுக்க மறைத்துவிட்டது என்று நாங்கள் இருவரும் சந்தோஷப்பட்டோம்.

டாக்டர் யாழ்ப்பாணத்து ஆள். மெலிந்த உடம்பு, காதோரம் நரை, கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் பழக்கம்.

"எத்தினை நாளா வயித்தாலை போகுது?"

என் வீட்டுக்காரர் கழிசான் நழுவாமல் பிடித்துக்கொள்வதிலேயே கவனமாக இருந்ததால் நான் பதில் சொன்னேன். "ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சுங்க ஐயா."

"ரெண்டு வருசமோ! இவ்வளவு நாளும் என்ன செய்தனீங்கள்?"

"பூச்சி மருந்து குடிச்சோங்க."

"ரெண்டு வருசமும் பூச்சியோ?"

அண்ணன் சொன்னது சரியாகத்தான் போயிற்று. டாக்டர் நாலு கேள்வியல்ல, நாற்பது கேள்வி கேட்டார். வயிற்றை அமுக்கி ஈரல் வீங்கியிருக்கிறது என்றார். காலைக் காட்டச் சொன்னபோது என் வீட்டுக்காரர் வலது காலை மட்டும் நீட்டினார். டாக்டர் பாதத்தில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். குழி விழுந்து அப்படியே நின்றது. ஒரு குழாயில் மூத்திரம் பிடித்து வரச் சொல்லி விளக்குத் தீயில் காட்டினார். முட்டை வெள்ளைக்கரு மாதிரி திரண்டது. உடம்பில் நிற்க வேண்டிய சத்து மூத்திரத்தோடு போகிறதாம். மலத்தையும் சோதித்தார்கள். பூச்சியும் இல்லை, சீதபேதிக் கிருமியும் இல்லை. நெஞ்சைப் படம் பிடித்தார்கள். காசமும் இல்லை.

"குடலிலை ஒரு களவு, மூத்திரத்திலை ஒரு களவு. ரெண்டும் ஒரே கள்ளன்ரை வேலையோ எண்டு பாக்கிறன்" என்றார் டாக்டர். இரண்டு வருடத்தில் முதல்முறையாக ஒருவர் என் வீட்டுக்காரரின் வயிற்றைப் பற்றி யோசிப்பதைப் பார்த்தேன். அவர் காலில் விழலாம் போல இருந்தது.

கள்ளனைப் பிடிக்க டாக்டர் சொன்ன வழிதான் சங்கடமானது. பின்பக்கமாக ஒரு குழாயை விட்டு, குடலின் உட்தோலில் அரிசி நுனி அளவு கிள்ளி எடுக்க வேண்டுமாம். என் வீட்டுக்காரர் முகம் பேயறைந்தது போல ஆனது. "அங்கயா?" என்று என்னைப் பார்த்தார். வேறு எங்கே என்று நினைத்தார் என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் அது நடந்தது. நான் வெளியே நின்றேன். நடந்ததைப் பிறகு ஆஸ்பத்திரி உதவியாளர் சிரித்துச் சிரித்துச் சொன்னார். கழிசானை முழுக்கக் கழற்றச் சொன்னால் இவர் முழங்கால் வரைக்கும் இறக்கிவிட்டு, இரண்டு கையாலும் அங்கே இறுக்கிப் பிடித்துக்கொண்டாராம். ஏன் என்று கேட்டதற்கு, "குளிருதுங்க" என்றாராம். நுவரெலியாவில் அந்தச் சாக்கை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். டாக்டரும் வெட்கம் என்று நினைத்து விட்டுவிட்டார்.

மூன்று வாரம் கழித்து மூன்றாம் தடவை போனோம். அதே வெள்ளைக் கழிசான், அதே கயிறு. இந்தத் தடவை அவருக்குப் படியேற முடியவில்லை. அண்ணனும் நானும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக் கூட்டிப்போனோம். டாக்டர் முகத்தில் ஒரு பரபரப்பு.

"பிடிச்சிட்டன்" என்றார். "இதுக்குப் பேர் அமிலோயிடோசிஸ். இந்த ஆஸ்பத்திரியிலை இதுவரைக்கும் ஒருத்தரும் கண்டதில்லை."

அவர் சொன்ன தோரணையில், பரிசு ஏதும் கொடுக்கப்போகிறாரோ என்றிருந்தது. எனக்கு எரிச்சல் வந்தது. பூச்சி என்றார்கள், சீதபேதி என்றார்கள், இப்போது வாயில் நுழையாத ஒரு பெயர். "கண்ணால பாத்தாத்தான் ஐயா நம்புவேன்" என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் என்னை முறைத்தார். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. எழுந்து என்னைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய், சின்னதைப் பெரிதாக்கிக் காட்டும் நுணுக்குக்காட்டியின் முன்னால் உட்காரவைத்தார்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். முதலில் என் கண்ணிமை மயிர்தான் தெரிந்தது. பிறகு வெளிறிய தோலும், அதற்கு நடுவே சின்னச் சின்ன வளையங்களாகச் செம்மஞ்சள் சிவப்புத் திட்டுகளும் தெரிந்தன.

"அந்தச் சிவப்பு நாங்கள் போட்ட சாயம். வேறை ஒண்டிலையும் இப்பிடி ஒட்டாது, இந்தச் சாமானிலை மட்டும்தான் ஒட்டும். இப்ப பாருங்கோ" என்று எதையோ திருப்பினார். அறை இருண்டது போல் ஆகி, சிவந்திருந்த இடமெல்லாம் பச்சையாக மின்னியது. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் விரிந்த கொழுந்தின் பச்சை. அழகாக இருந்தது. என் புருஷனைக் கொல்லும் ஒரு சாமானை அழகாக இருக்கிறது என்று நினைத்ததற்காக என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

"உடம்பே ஒரு மெழுகைச் செய்து குடல் முழுக்கப் பூசிக்கொண்டு வருகுது. மெழுகு பூசின துணியிலை தண்ணி ஊறுமோ? அதுபோலைதான். சாப்பிடுறது ஒண்டும் உடம்பிலை சேராமல் போகுது."

"இதுக்கு மருந்து ஐயா?"

"மெழுகுக்கு மருந்தில்லை." அவர் என்னை அழைத்துக்கொண்டு திரும்பி வந்து என் வீட்டுக்காரருக்கு முன்னால் உட்கார்ந்தார். "ஆனால் இந்த மெழுகை உடம்பு சும்மா செய்யாது. எங்கையோ கனகாலமாச் சீழ் இருக்க வேணும். அதைக் கண்டுபிடிச்சு எடுத்தால் மெழுகு நிக்கும். எடுக்காட்டில் இந்த மனுசனுக்கு இன்னும் ஆறேழு மாதம்தான். எங்கையாவது நாள்பட்ட புண், கட்டி, சீழ் ஏதும் இருக்கோ?"

"இல்லீங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"முதுகிலை? காதிலை? குஷ்டம் கிஷ்டம் வந்ததோ?"

ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அவர் மனதில் அது புண்ணே இல்லை. அது அவருக்கும் சாமிக்கும் இடையிலுள்ள விவகாரம். டாக்டர் பேனாவை மூடினார். அந்தப் புண்ணில் கட்டிய துணிகளை எட்டு வருடமாக வேகவைத்தவள் நான். சொன்னால் கவ்வாத்து போய்விடும், சாமி கோபிக்கும், இவர் என் முகத்தில் முழிக்க மாட்டார். சொல்லாவிட்டால் ஆறேழு மாதம். கூட்டிக்கழித்துப் பார்க்க அதற்கு மேல் எனக்குப் பொறுமையில்லை. தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, இடது பக்கக் கழிசானை இரண்டு கையாலும் பிடித்து முழங்காலுக்கு மேலே சுருட்டிவிட்டேன்.

"ஏய் புள்ள! விடு! என்ன பண்ற?" என்று அவர் என் தலையைப் பிடித்துத் தள்ளினார். தள்ளத் தெம்பில்லை. நான் கட்டை அவிழ்த்தேன்.

டாக்டர் நாற்காலியிலிருந்து இறங்கி என் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். துவாரத்தில் ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்தார். உள்ளே எதிலோ தட்டும் சத்தம் எனக்கே கேட்டது.

"இது எத்தினை வருசம்?"

"எட்டு வருசங்க."

"ஏனம்மா இதை முதல் நாளே சொல்லேல்லை?"

"அது வியாதி இல்லீங்க" என்றார் என் வீட்டுக்காரர், பாவம் போல. "அது கவ்வாத்துச் சாமி குடுத்தது."

டாக்டர் அவரைப் பார்த்தார், கழிசானைப் பார்த்தார், இடுப்புக் கயிற்றைப் பார்த்தார். கோபம் வரப்போகிறது என்று நினைத்தேன். அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. "சாமி காலிலை தந்ததை நீங்கள் வயிறு வரைக்கும் வளர்த்திட்டியள். நான் ஒரு முட்டாள், ஒரு மாதமா இந்தக் கழிசானுக்கு மேலாலை வியாதி தேடினனான். இனி இஞ்சை வாறதெண்டால் வேட்டியோடை வாங்கோ" என்றார்.

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. லொறியில் எங்களோடு முன்னால் உட்காராமல், பின்னால் உரமூட்டையில் சாய்ந்துகொண்டு வந்தார். அதற்குப் பிறகு எட்டு நாள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அடுப்பைப் பார்த்துச் சொல்வார். "இந்த வீட்டுல யாருக்காச்சும் தேத்தண்ணி ஊத்துற எண்ணம் இருக்கா?" நானும் அடுப்பைப் பார்த்தே பதில் சொல்வேன். அடுப்புக்கு அந்த வாரம் நல்ல மரியாதை.

நடுவில் காலைப் படம் பிடித்து, டாக்டர் எங்களைக் கண்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். முன்னெலும்பு பாதிக்கு மேல் செத்துப்போயிருந்தது. சுரண்டிச் சுரண்டி எடுக்கலாம், ஆனால் அதற்கு நான்கைந்து தடவை அறுக்க வேண்டும், இந்த உடம்பு ஒரு தடவைக்குத்தான் தாங்கும் என்றார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவதுதான் வழி.

லயத்துக்குத் திரும்பியதும் அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். கவ்வாத்துக்காரர்கள் கூட்டமாக வந்து உட்கார்ந்தார்கள். காலில்லாத கவ்வாத்துக்காரனை யாராவது கண்டதுண்டா, சாமிக்கு ஒரு சேவல் அறுத்துப் பார்க்கலாம் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்தேன். குடித்து முடித்ததும் எழுந்து போகச் சொன்னேன். பிறகு அவர் முதுகைப் பார்த்துப் பேசினேன்.

"இந்தா பாருங்க. எட்டு வருசமா அந்தப் புண்ணத் தெறந்து விட்டவ நான். பாவம் எனக்குத்தான். சாமி கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். எனக்கு ஒத்தக் காலோட உக்காந்திருக்கற புருசன் போதும். ரெண்டு காலோட படத்துல தொங்குறவரு வேணாம்."

பிறகு சுவர்ப்பக்கமிருந்து குரல் வந்தது. "நம்மகிட்ட ஏது படம்? என்னைக்காச்சும் படம் எடுத்திருக்கமா?"

எட்டு நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். நான் அழுதுகொண்டே சிரித்தேன். அவரும் திரும்பிப் படுத்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளன்று காலையில் அண்ணன் அவரை முதுகில் சுமந்துகொண்டு மலையேறினார். மரத்தடிக் கல்லுக்கு முன்னால் இறக்கிவிட்டார். அவர் தன் கத்தியைக் கல்லடியில் படுக்கவைத்து, சூடம் கொளுத்தினார். முதல் குச்சியிலேயே பற்றியது. என்ன வேண்டினார் என்று நான் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போகலாம் மச்சான்" என்று மட்டும் சொன்னார்.

கால் போயிற்று. அதில் சிரிக்க ஒன்றுமில்லை. மயக்கம் தெளிந்ததும் போர்வைக்கு மேலே தடவிப் பார்த்து, கை வெறுமையில் விழுந்தபோது அவர் விட்ட மூச்சை என்னால் மறக்க முடியாது. அதைவிடக் கொடுமை, வயிறு நிற்கவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், அதே ஓட்டம். வீணாக ஒரு காலை வெட்டவைத்துவிட்டேனே என்று கொழுந்து மலையில் கூடையை முதுகில் போட்டுக்கொண்டே அழுதேன். டிஸ்பென்சரி ஐயா, "நான் அப்பவே சந்தேகப்பட்டேன்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். எதைச் சந்தேகப்பட்டார் என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

நான்காம் மாதம் பாத வீக்கம், அதாவது மிச்சமிருந்த ஒரு பாதத்தின் வீக்கம், வடியத் தொடங்கியது. கவ்வாத்துக்காரர்கள் தங்கள் கத்திகளைத் தீட்ட அவரிடம் கொண்டுவந்தார்கள். பெரட்டுக் களத்து ஓரத்தில் பலகை போட்டு உட்கார்ந்து தீட்டுவார். ஒவ்வொருவனுக்கும் கத்தி பிடிக்கத் தெரியவில்லை என்று ஏசுவார். ஏசத் தெம்பு வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

ஏழாம் மாதம் கண்டிக்குத் திரும்பக் காட்டப் போக வேண்டியிருந்தது. லொறி கிடைக்கவில்லை, பஸ்ஸில்தான் போனோம். வழியில் அவதி வந்துவிடுமோ என்று பயந்து அவர் முதல் நாள் மத்தியானத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்தார். ஆஸ்பத்திரியில் நிறை பார்த்தார்கள். மூத்திரத்தைக் காய்ச்சிப் பார்த்தார்கள், முன்னைப்போலத் திரளவில்லை. மெழுகு முழுக்கப் போகாது, ஆனால் புதிதாகப் பூசவில்லை, நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள் என்றார்கள்.

வெளியே வந்ததும் ஊன்றுகட்டையில் சாய்ந்து நின்றுகொண்டு, "பசிக்குது புள்ள" என்றார்.

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டு மூன்று வருடமாகியிருந்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் உட்கார்ந்தோம். சோறும் பருப்பும் கருவாட்டுக் குழம்பும் தேங்காய்ச் சம்பலும். ஒரு தட்டு முடித்து இரண்டாவது கேட்டார். எனக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், கிலி ஒரு பக்கம்.

"அளவா சாப்பிடுங்க. நாலு மணி நேரம் பஸ்ஸுல போகணும். நடுவுல அவசரம்னா யாரு நிப்பாட்டுவா?"

"நிப்பாட்டலைன்னா குதிச்சுருவேன்."

"ஒத்தக் கால்லயா?"

"ரெண்டு கால் இருந்தப்பவே நான் குதிச்சதில்ல" என்று சொல்லி மூன்றாவது தடவை சோறு கேட்டார்.

பஸ்ஸில் கதவுக்குப் பக்கத்து ஆசனத்தைப் பிடித்தேன். கொண்டக்டரிடம் சிங்களத்தில், இவருக்குச் சுகமில்லை, சொன்னால் கொஞ்சம் நிறுத்துங்கள் மாத்தயா என்று முன்கூட்டியே கெஞ்சிவைத்தேன். அவரும் தலையாட்டினார். கம்பளை தாண்டியது. புசல்லாவை தாண்டியது. வளைவு வளைவாக மேலேறும்போதெல்லாம் நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடினார். வலி வந்துவிட்டது என்று நினைத்து அவர் வயிற்றில் கை வைத்தேன். அது சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தலை என் தோளில் சாய்ந்தது. குறட்டை விட்டார்.

இறம்பொடையில் பஸ்ஸைத் தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள். எல்லாரும் இறங்கினார்கள். கொண்டக்டர் ஞாபகமாக வந்து, போகிறதென்றால் இப்போது போகலாம் என்று ஜாடை காட்டினார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். உண்மையில் எனக்குத்தான் அவசரம். காலையிலிருந்து அவருடைய வயிற்றையே நினைத்துக்கொண்டிருந்ததில் என்னுடையதை மறந்துபோயிருந்தேன். ஆனால் நான் எழுந்தால் அந்தத் தலை விழித்துக்கொள்ளும். கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழிய, நுவரெலியா வரைக்கும் அடக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.